பழைய சர்வர், புது டொமைன்: எந்தக் கதவு எங்கே மூடியிருக்கிறது

விண்டோஸ் சர்வர் 2003 ஓடுகிற ஒரு பழைய மெஷினை, விண்டோஸ் சர்வர் 2019 டொமைன் கன்ட்ரோலராக இருக்கிற டொமைனில் சேர்க்க முடியுமா? என்னிடம் இதைக் கேட்டவர்கள் யாரும் பழைய மெஷின் மேல் பாசத்தில் கேட்கவில்லை. லேப் கருவியோடு வந்த ஒரு சாஃப்ட்வேர் அந்த சர்வரில்தான் ஓடும். இல்லாவிட்டால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரிடமோ எழுதி வாங்கிய பில்லிங் ப்ரோக்ராம். எழுதினவங்க கடையை மூடிட்டாங்க, சோர்ஸ் கோட் கிடையாது, கருவியை மாற்றணும்னா பல லட்சம். இதற்கு நடுவில் ஆபீஸ் நெட்வொர்க்கைப் புதுசாக்கியிருப்பார்கள். எல்லா மெஷினும் புது டொமைனுக்குப் போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் வெளியே நிற்கிறது.

சுருக்கமான பதில்: சேர்க்க முடியும். ஆனால் அதற்காகப் புது டொமைன் தன்னுடைய சில பூட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அவை என்ன பூட்டு, அதை ஏன் மாட்டினார்கள், கழற்றினால் யாருக்கு ஆபத்து என்பதுதான் இந்தப் பதிவு. இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய விஷயம்தான். ஆபீஸ் டொமைனில் மட்டும் பரீட்சை பண்ணாதீங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டொமைன் என்பது ஒரு பதிவேடு. யார் யார் பயனாளர்கள், எந்தெந்த மெஷின்கள் நம்முடையவை, யாருடைய பாஸ்வேர்டு என்ன என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருப்பது. அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பது டொமைன் கன்ட்ரோலர், சுருக்கமாக டிசி. மற்ற சர்வர்களெல்லாம் வெறும் உறுப்பினர்கள். என்டி 4.0 காலத்தில் (1996) ஒரே ஒரு பிரைமரி டிசி-யில்தான் எழுத முடியும், மற்றவை அதன் நகலை வைத்திருக்கும். 2000-இல் ஆக்டிவ் டைரக்டரி வந்ததும் எல்லா டிசி-யிலும் எழுதலாம் என்று ஆனது. கூடவே டிஎன்எஸ்-ஸும் கெர்பரோஸும் டொமைனுக்குள் வந்தன.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், டொமைனுக்கு 'ஃபங்ஷனல் லெவல்' என்று ஒன்று உண்டு. 2008, 2012, 2016 என்று இருக்கும். "எங்க டொமைன் 2016 லெவல்ல இருக்கு, அதனால 2003 சர்வர் சேராது" என்று பலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. ஃபங்ஷனல் லெவல் கட்டுப்படுத்துவது டிசி-க்களை மட்டும்தான். 2016 லெவல் டொமைனில் 2003 சர்வர் டிசி ஆக முடியாது, அவ்வளவுதான். உறுப்பினராகச் சேருவதை அந்த லெவல் தடுப்பதில்லை. 2019 டிசி-யை ஒரு டொமைனில் வைக்கவே குறைந்தது 2008 லெவல் வேண்டும். அந்த லெவலில் 2003 டிசி-க்கு இடமில்லை. ஆகவே 2003 டிசி-யும் 2019 டிசி-யும் ஒரே டொமைனில் சேர்ந்து இருக்கவே முடியாது. ஆனால் நம் கேள்வி உறுப்பினரைப் பற்றியது.

அப்புறம் ஏன் சேர மறுக்கிறது? அந்த மெஷின் சேரும்போது என்னென்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் புரியும்.

முதலில் டிஎன்எஸ்-இடம் "இந்த டொமைனுக்கு டிசி யார்?" என்று கேட்கும். இதற்கென்று தனியாக எஸ்ஆர்வி பதிவுகள் இருக்கின்றன. பழைய சர்வரில் டிஎன்எஸ் முகவரியாக ரவுட்டரையோ இன்டர்நெட் டிஎன்எஸ்-ஸையோ போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்தது. டிசி-யின் முகவரியைத்தான் போடணும். அடுத்து எல்டாப் வழியாக டிசி-யிடம் ஒரு சின்ன விசாரிப்பு. பிறகு எஸ்எம்பி வழியாக டிசி-க்குள் நுழைந்து, அதன் மேல் ஓடும் ஆர்பிசி அழைப்புகள் மூலம் தன் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லும். அந்தக் கணக்குக்கு ஒரு ரகசியப் பாஸ்வேர்டும் உண்டு. ரீபூட் ஆனதும் அந்தப் பாஸ்வேர்டை வைத்து டிசி-யோடு ஒரு பாதுகாப்பான இணைப்பு, கெர்பரோஸ் டிக்கெட், கடைசியாக சிஸ்வால் என்கிற ஷேரிலிருந்து குரூப் பாலிசி. அந்த ஷேரைத் திறப்பதும் எஸ்எம்பி-தான்.

இதில் சில்லறைத் தடைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேரம்: கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். ஃபயர்வால்: இது அனுபவசாலிகளையும் ஏமாற்றும். 2003 காலத்தில் ஆர்பிசி தற்காலிகமாகத் திறக்கும் போர்ட்டுகள் 1025 முதல் 5000 வரை. 2008-இலிருந்து அது 49152 முதல் 65535 வரை என்று மாறிவிட்டது. நடுவில் ஒரு ஃபயர்வால் இருந்து, அதில் பழைய விதிகள் அப்படியே இருந்தால், 88, 135, 389, 445 எல்லாம் திறந்திருந்தும் பாதி வழியில் நின்றுவிடும். பிங் போகும், பெயர் கிடைக்கும், ஆனால் சேராது.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் ஒரு பிழைச்செய்தி வரும். நீங்கள் குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை என்கிற பொருளில், எண் 64. பெயரில் எந்தத் தவறும் இல்லாததால் ஆட்கள் மறுபடி டிஎன்எஸ்-ஐப் போய் நோண்டுவார்கள். விஷயம் அங்கே இல்லை.

எஸ்எம்பி 1

எஸ்எம்பி-க்கு வயது நாற்பதுக்கு மேல். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்-மில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. ஃபைல் ஷேர், பிரிண்டர் ஷேர் எல்லாம் அதன் மேல்தான். 2006-இல் விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தது, சர்வர் பக்கம் 2008-இல். 2003 சர்வருக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும். அதற்கு எஸ்எம்பி 2 கற்றுக்கொடுக்க வழி கிடையாது.

சர்வர் 2019-ஐப் புதிதாக நிறுவினால் அதில் எஸ்எம்பி 1 இருக்காது. 2017 இலையுதிர்காலப் பதிப்பிலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, பழைய சர்வர் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே அந்த மொழி பேச ஆளே இல்லை. அந்த "பெயர் இப்போது இல்லை" செய்தியின் உண்மையான அர்த்தம் இதுதான். "எங்க ஆபீஸ்ல 2016 டிசி-யில சேர்ந்துச்சே" என்று சிலர் சொல்வதும் நிஜம். 2016 முதலில் வெளியானபோது எஸ்எம்பி 1 இயல்பாகவே உள்ளே இருந்தது. பழைய பதிப்பிலிருந்து அப்படியே அப்கிரேட் ஆகி வந்த சர்வர்களிலும் அது தங்கியிருக்கலாம்.

இங்கே திசையைக் கவனிக்கணும். பெரும்பாலான குறிப்புகளில் இது தெளிவாக இருப்பதில்லை. புது விண்டோஸில் எஸ்எம்பி 1-க்கு இரண்டு பாகங்கள் தனித்தனியாக உண்டு: சர்வர் பாகம், கிளையன்ட் பாகம். பழைய மெஷின் டொமைனில் சேர வேண்டுமென்றால் அதுதான் கூப்பிடுகிறது, டிசி பதில் சொல்கிறது. ஆகவே டிசி-யில் சர்வர் பாகம் வேண்டும். ஆனால் பழைய மெஷினில் இருக்கும் ஃபோல்டரை ஆபீஸ் பிசி-கள் திறக்கணும்னா கூப்பிடுவது பிசி-கள். அப்போது ஒவ்வொரு பிசி-யிலும் கிளையன்ட் பாகத்தைப் போட வேண்டும். டொமைனில் சேர்த்தாயிற்று என்ற சந்தோஷம் அரை நாள்கூட நிற்காது. மறுநாள் காலையில் "ஷேர் திறக்கல சார்" என்று ஃபோன் வரும். ஒரு மெஷினுக்காக டிசி-யில் ஒன்று, ஐம்பது பிசி-யில் ஐம்பது என்று எஸ்எம்பி 1 பரவும்.

பரவினால் என்ன? இதற்குப் பதில் 2017 மே 12. வான்னாக்ரை. எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக மெஷினிலிருந்து மெஷினுக்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது, இரண்டு மாதம் இருந்தும் பலர் போடவில்லை. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் வாங்கிய அடியைப் பற்றி அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் இருந்த 236 டிரஸ்ட்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கதையைப் பலர் "பழைய எக்ஸ்பி வைத்திருந்தார்கள், அதனால் மாட்டினார்கள்" என்று சொல்கிறார்கள். அறிக்கை சொல்வது வேறு. தொற்றிய மெஷின்களில் பெரும்பாலானவை பேட்ச் போடாத விண்டோஸ் 7, அதாவது அன்றைக்கு ஆதரவில் இருந்தவை. என் பார்வையில் நமக்கு இதுதான் முக்கியம். ஆபத்து பழைய மெஷினோடு நின்றுவிடுவதில்லை. பழைய மெஷினுக்காகப் புது மெஷின்களில் திறந்து வைத்த கதவுதான் ஆபத்து. 2003 சர்வருக்கு ஆதரவு 2015 ஜூலை 14-இல் முடிந்துவிட்டது. வான்னாக்ரை சமயத்தில் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக 2003-க்கும் எக்ஸ்பி-க்கும் பேட்ச் கொடுத்தது. 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ளூகீப் என்ற ஓட்டை வந்தபோது மறுபடி கொடுத்தது. உங்கள் 2003 மெஷினில் இந்த இரண்டும் இல்லாவிட்டால், இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

ஆர்சி4, அல்லது ஒரு பழைய சமரசம்

எஸ்எம்பி 1-ஐத் திறந்து டொமைனில் சேர்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடை கெர்பரோஸ். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெர்பரோஸ் என்பது 1980-களில் எம்ஐடி-யில் அதீனா என்ற திட்டத்தில் பிறந்தது. பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் அனுப்பாமல், டிக்கெட் வாங்கி, அந்த டிக்கெட்டைக் காட்டி உள்ளே போகிற முறை. டிக்கெட்டை டிசி பூட்டித் தரும். எந்தச் சர்வருக்கான டிக்கெட்டோ அந்தச் சர்வரின் ரகசியச் சாவியால் பூட்டும். அதனால் வழியில் யாரும் திருத்த முடியாது, சர்வரால் மட்டும் திறக்க முடியும்.

2000-இல் மைக்ரோசாஃப்ட் கெர்பரோஸைக் கையில் எடுத்தபோது ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. கெர்பரோஸுக்கு ஒவ்வொருவருடைய பாஸ்வேர்டிலிருந்தும் ஒரு சாவி வேண்டும். என்டி 4.0 டொமைன்களிலோ பாஸ்வேர்டு கிடையாது, அதன் ஹேஷ் மட்டும்தான் இருந்தது. அந்த ஹேஷிலிருந்து டெஸ் சாவியை உண்டாக்க முடியாது. அப்படியானால் அப்கிரேட் செய்கிற ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஏற்கெனவே இருக்கிற அந்த என்டி ஹேஷையே சாவியாக வைத்துக்கொள்வோம், பூட்டுவதற்கு ஆர்சி4. 1987-இல் ரான் ரிவெஸ்ட் வடிவமைத்த சைஃபர் அது. அன்றைய அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கும் இது ஒத்துப்போனது. இந்தக் காரணங்களையெல்லாம் 2006-இல் வந்த 4757-ஆம் எண் ஆர்எஃப்சி-யிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் என்டி ஹேஷ் என்பது பாஸ்வேர்டை எம்டி4 வழியாக ஒரே ஒரு தடவை ஓட்டி எடுப்பது. உப்பு கிடையாது. (சால்ட் என்பதைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கணக்குக்கும் தனியாகச் சேர்க்கிற ஒரு சரம்.) இரண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரே ஹேஷ். 2008-இல் வந்த ஏஇஎஸ் முறையில் டொமைன் பெயரையும் பயனாளர் பெயரையும் உப்பாகச் சேர்த்து, 4096 தடவை சுற்றி எடுக்கிறார்கள். பாஸ்வேர்டை ஊகித்து உடைக்கப் பார்ப்பவனுக்கு, ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு அதிக வேலை.

இதில் விளையாடியதுதான் கெர்பரோஸ்டிங். 2014-இல் டிம் மெடின் என்ற ஆய்வாளர் ஒரு மாநாட்டில் காட்டினார். டொமைனில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கிற எவரும் எந்தச் சர்வீஸுக்கும் டிக்கெட் கேட்கலாம். அது தவறில்லை, அமைப்பே அப்படித்தான். அந்த டிக்கெட் ஆர்சி4-இல் வந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், சாவகாசமாகப் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்க்கலாம். டிசி-க்கு ஒன்றும் தெரியாது. சர்வீஸ் கணக்கின் பாஸ்வேர்டு ஒரு மனிதர் வைத்ததாக இருந்தால் திறந்துவிடும்.

2003 சர்வருக்கு ஏஇஎஸ் தெரியாது. டெஸ் தெரியும், ஆர்சி4 தெரியும். ஆக அது டொமைனில் வாழ வேண்டுமென்றால் டிசி-க்கள் ஆர்சி4-ஐ ஏற்க வேண்டும். 'அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்' என்று டிசி-யின் பாலிசியில் எழுத முடியாது. டிசி ஆர்சி4 பேசும் என்றால், கேட்கிற எல்லோரிடமும் பேசும். ஏஇஎஸ் என்று தனியாகக் குறிக்காத சர்வீஸ் கணக்குகள் எல்லாம் அந்த வலையில் மாட்டும்.

இதில் 2022 நவம்பரில் இன்னொரு திருப்பம். அந்த மாதப் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்ட பிறகு பல இடங்களில் 2003 சர்வர்களோடு கெர்பரோஸ் உடைந்தது. காரணம் ஒரு எண். ஒவ்வொரு கணக்கிலும் 'சப்போர்ட்டட் என்கிரிப்ஷன் டைப்ஸ்' என்று ஒரு புலம் உண்டு. டெஸ்-இன் இரண்டு வகைகளுக்கு 1, 2. ஆர்சி4-க்கு 4. ஏஇஎஸ் 128-க்கு 8, ஏஇஎஸ் 256-க்கு 16. வேண்டியதைக் கூட்டி எழுத வேண்டும். 2003 சர்வருக்கு இந்தப் புலம் இருப்பதே தெரியாது, அதனால் அதன் கணக்கில் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் டிசி தானே ஒரு இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். நவம்பர் அப்டேட் அந்த இயல்பு மதிப்பில் 32 என்று ஒரு புதிய பிட்டைச் சேர்த்தது. மொத்தம் 1 + 2 + 4 + 32 = 39.

அந்த 32-க்கு என்ன பொருள்? டிக்கெட்டில் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, டிக்கெட்டைப் பூட்டுகிற சர்வரின் சாவி. இன்னொன்று, டிக்கெட்டுக்குள்ளே வைத்து அனுப்புகிற செஷன் சாவி. இனி கிளையன்ட்டும் சர்வரும் பேசிக்கொள்வது இந்தச் செஷன் சாவியில். 32 என்றால் "வெளிப் பூட்டு ஆர்சி4-ஆக இருந்தாலும் உள்ளே செஷன் சாவி ஏஇஎஸ்-ஆக இருக்கட்டும்." நல்ல எண்ணம்தான். ஆனால் 2003 சர்வர் வெளிப் பூட்டைத் திறந்து, உள்ளே ஏஇஎஸ் சாவியைப் பார்த்து, அது என்னவென்று புரியாமல் நிற்கும். தீர்வு ரொம்ப எளிது: அந்த ஒரு கம்ப்யூட்டர் கணக்கில் மட்டும் புலத்தில் 4 என்று எழுத வேண்டும். காலியாக இல்லை என்பதால் டிசி தன் இயல்பு மதிப்பைத் தொடாது. சிலர் இதற்கு டிசி-யின் இயல்பு மதிப்பையே மாற்றினார்கள். அது வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்று ஊர் டிரான்ஸ்ஃபார்மரை நோண்டுவது மாதிரி.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கெர்பரோஸ் தோற்றால் விண்டோஸ் பல சமயம் சத்தமில்லாமல் என்டிஎல்எம்-க்கு இறங்கிவிடும். ஷேர் திறக்கும், எல்லோரும் "சரியாயிடுச்சு" என்பார்கள். சர்வரைப் பெயரால் கூப்பிடாமல் ஐபி முகவரியால் கூப்பிட்டாலும் பெரும்பாலும் என்டிஎல்எம்-தான். இதில் 2003-இன் இயல்பு நிலை, தான் கிளையன்ட்டாகப் போகும்போது என்டிஎல்எம்-இன் முதல் பதிப்பை அனுப்புவது. கண்டிப்பான டொமைனில் டிசி அதை மறுத்துவிடும். நல்ல வேளையாக, இரண்டாம் பதிப்பும் 2003-க்குத் தெரியும். அதன் லோக்கல் பாலிசியில் லான் மேனேஜர் நிலையை 5-க்கு ஏற்றினால் போதும். இந்தத் திருத்தத்தைப் பழைய மெஷினில்தான் செய்யணும், டிசி-யைத் தளர்த்திச் செய்யக் கூடாது. மொத்தப் பிரச்சினையிலும் பழையது புதியதுக்காக ஏறி வருகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சேர்க்கத்தான் வேண்டுமா?

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் கேட்கிற கேள்வி: அந்த மெஷினுக்கு டொமைனால் என்ன லாபம்? பெரும்பாலும் பதில், "எல்லாரும் அவங்கவங்க பாஸ்வேர்டுலயே லாகின் பண்ணலாம்" என்பதுதான். அந்த மெஷினில் லாகின் பண்ணுகிறவர்கள் மூன்று பேர் என்றால், மூன்று லோக்கல் கணக்குகள் போதும். டொமைனுக்கு வெளியே, தனி நெட்வொர்க் துண்டில், ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்துவிடலாம். குரூப் பாலிசி வராது, ஆனால் பத்து வருஷமாகப் பேட்ச் வராத மெஷினில் பாலிசி எதைக் காப்பாற்றப்போகிறது?

ஃபைல்தான் தேவை என்றால் நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் மெஷின். அது பழைய சர்வரின் ஷேரை எஸ்எம்பி 1-இல் திறந்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம் அதையே சாம்பா மூலம் எஸ்எம்பி 3-இல் ஆபீஸுக்குக் கொடுக்கும். சாம்பாவும் 2019-இலிருந்து எஸ்எம்பி 1-ஐ இயல்பாக மூடிவிட்டது. இந்தப் பயன்பாட்டில் அதைத் திறக்கவும் வேண்டாம். பழைய ஷேரை மௌன்ட் செய்வது லினக்ஸ் கெர்னலின் வேலை, அங்கே மட்டும் பழைய பதிப்பைக் குறிப்பிட்டால் போதும். இப்படிச் செய்தால் எஸ்எம்பி 1 இரண்டே மெஷின்களுக்கு நடுவில், ஒரு கேபிள் நீளத்தில் முடிந்துபோகும். ஐம்பது பிசி-களைத் தொட வேண்டியதில்லை.

"2003-ஐத் தனி டொமைனாக வைத்து, புது டொமைனோடு டிரஸ்ட் போட்டுவிடலாமே" என்று ஒரு யோசனை வரும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் டிரஸ்ட்டுக்கும் ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி ஆர்சி4-ஆகத்தான் இருக்கும். இரண்டு பக்க டிசி-க்களும் பேசிக்கொள்வது எஸ்எம்பி 1-ஆகத்தான் இருக்கும். அதே இரண்டு சிக்கல்களும் எல்லையில் வந்து உட்காரும்.

எல்லாம் பார்த்தும், சாஃப்ட்வேரே டொமைன் கணக்கு இல்லாமல் ஓடாது, சேர்த்தே தீர வேண்டும் என்று சிலருக்கு நிலைமை. அப்படியானால் பழைய சர்வருக்குத் தனி சப்நெட், ஆக்டிவ் டைரக்டரியில் அதற்குத் தனி சைட், அந்த சைட்டில் எஸ்எம்பி 1 திறந்த ஒரே ஒரு டிசி. மெஷின்கள் தங்கள் சைட்டில் இருக்கும் டிசி-யைத்தான் முதலில் தேடும். மற்ற டிசி-க்கள் மூடியே இருக்கட்டும். இருந்தாலும் அந்த ஒரு டிசி-யிலும் மொத்த டொமைனின் ஹேஷ்களும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அதன் 445-ஆம் போர்ட்டைப் பழைய சர்வரும் மற்ற டிசி-க்களும் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி பூட்ட வேண்டும். விலை குறைகிறது, பூஜ்யமாவதில்லை.

சேர்த்த பிறகு ஒரு விஷயத்தில் மட்டும் யாரிடமும் சமரசம் செய்யாதீர்கள். டொமைன் அட்மின் கணக்கில் அந்த 2003 மெஷினில் லாகின் செய்யவே கூடாது. 2003-இல் லாகின் செய்தவரின் பாஸ்வேர்டு, ஹேஷ் கூட இல்லை, பாஸ்வேர்டே, திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் மெமரியில் இருக்கும். வெப் அங்கீகாரத்துக்காக வைத்த டபிள்யூடைஜஸ்ட் என்ற வசதி காரணம். 2011-இல் பெஞ்சமின் டெல்பி வெளியிட்ட மிமிகாட்ஸ் என்ற கருவி அதை எடுத்துத் திரையில் காட்டிவிடும். புதிய விண்டோஸ்களில் இதை மூடிவிட்டார்கள், 2003-க்கு அந்தத் திருத்தம் வரவே இல்லை. பழைய மெஷின் ஒன்று விழுந்தால் டொமைன் மொத்தமும் விழுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டும் வேறு எந்த மெஷினிலும் இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய சர்வரை விர்ச்சுவல் மெஷினாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த மெஷின் கணக்கின் பாஸ்வேர்டு இயல்பாக 30 நாளுக்கு ஒரு தடவை தானாக மாறும். ஆறு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், மெஷினிடம் பழைய பாஸ்வேர்டு, டிசி-யிடம் புதியது. "டிரஸ்ட் உறவு முறிந்தது" என்று செய்தி வரும். டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கதவும் அதிக நாள் திறந்திருக்காது. சர்வர் 2025 டிசி ஆர்சி4-இல் முதல் டிக்கெட்டையே தருவதில்லை, என்டிஎல்எம் முதல் பதிப்பு அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு 2019-இல் செய்கிற எந்த ஏற்பாடும் அடுத்த டிசி அப்கிரேடு வரைதான்.

அதற்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை, உங்கள் டொமைனில் இந்தப் பழைய மொழிகளை யார் யார் பேசுகிறார்கள் என்று எடுப்பது. 2003 சர்வர் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எஸ்எம்பி 1-க்கு டிசி-யில் ஆடிட் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்தால் யார் வந்து கேட்டாலும் பதிவாகும். கெர்பரோஸுக்கு டிசி-யின் செக்யூரிட்டி லாகில் 4769 என்ற எண்ணுள்ள நிகழ்வுகள். அதில் டிக்கெட்டின் என்கிரிப்ஷன் வகை ஹெக்ஸாடெசிமலில் இருக்கும்: 12 என்றால் ஏஇஎஸ் 256, 17 என்றால் ஆர்சி4. ஒரு மாதம் ஓட விடுங்கள், மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற வேலைகளும் அப்போதுதான் மாட்டும். அந்தப் பட்டியலில் பழைய சர்வரோடு சேர்ந்து ஸ்கேன் எடுத்து ஃபோல்டரில் போடுகிற ஜெராக்ஸ் மெஷின், மாடியில் யாரோ வைத்துவிட்டுப் போன நாஸ் பெட்டி என்று நிறைய வரும். அவற்றைத் தனித்தனியாகச் சரிசெய்துகொண்டே வந்து, கடைசியில் பட்டியலில் அந்த ஒரு பெயர் மட்டும் மிஞ்சும்போது, சாஃப்ட்வேர் மாற்ற எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடு அதை முதலாளியிடம் கொண்டுபோகலாம்.